கழுத்து இடைவெளியை எதைக் கொண்டு அடைப்பது? ஸ்ப்ரூ கூழ், கிரீன் ஸ்டஃப், மில்லிபுட்

மேசை மேல் ஆடும் போர் விளையாட்டுக்காகக் குட்டிப் பிளாஸ்டிக் வீரன் ஒருவனை ஒட்டுகிறேன்: பெர்ரி மினியேச்சர்ஸின் ரோஜாப் போர் காலாட்படைப் பெட்டியிலிருந்து ஒரு தலை, ஃப்ராஸ்ட்கிரேவ் சோல்ஜர்ஸ் பெட்டியிலிருந்து ஓர் உடல். இரண்டையும் 28 மில்லிமீட்டர் உருவங்கள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் பெர்ரி மினியேச்சர்ஸின் சிற்பிகளான பெர்ரி இரட்டையர்கள் மனித உடலின் அளவை ஒட்டியே செதுக்குவார்கள். ஃப்ராஸ்ட்கிரேவ் ஆட்கள் கொஞ்சம் தடித்தவர்கள், கையும் பெரிது. ஒல்லிக் கழுத்தை அகலமான குழியில் வைத்தால் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழும். வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும்போது அது கண்ணில் படாது. வண்ணத்துக்கு முன் அடிக்கும் பிரைமரை அடித்த உடனே கறுப்புக் கோடாகத் தெரியும்.

கிட்பாஷ், அதாவது பல பெட்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம், செய்கிறவர்களுக்குத் தெரியும்: வெட்டுவதும் ஒட்டுவதும் பத்து நிமிட வேலை, ஒட்டிய இடத்தை மறைக்கத்தான் ஒரு சாயங்காலம் போகும். ஃப்ராஸ்ட்கிரேவ் போன்ற விளையாட்டில் இந்த உழைப்பு வீண் போகாது. மந்திரவாதி, சீடர், 8 கூலி வீரர்கள் என்று மொத்தமே 10 உருவம்தான். எந்த நிறுவனத்தின் உருவத்தையும் வைத்து ஆடலாம். அதனால் ஒவ்வொரு ஆளையும் தனியாகச் செதுக்கி எடுக்க நேரம் இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் அநேகமாக முதலில் பிசைந்து செதுக்கும் கிரீன் ஸ்டஃப் வாங்கிவிடுகிறார்கள். நான் வேறு வரிசை சொல்வேன். முதலில் குப்பைக்குப் போகவிருக்கும் ஸ்ப்ரூவை, அதாவது உறுப்புகளைப் பிடித்திருக்கும் அந்தப் பிளாஸ்டிக் சட்டத்தை, எடுத்து வையுங்கள்.

டாமியாவின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் மற்ற பசைகளைப் போல இரண்டு பரப்புக்கு நடுவில் ஒரு படலமாக நிற்பதில்லை. அது கரைப்பான். பாலிஸ்டைரீனைக் கரைத்து, இரண்டு துண்டையும் ஒன்றாகக் கலக்க விட்டு, பிறகு ஆவியாகிப் போய்விடும். பாட்டிலில் கால்வாசி மிஞ்சும்போது ஸ்ப்ரூவை அரிசி அளவுக்கு நறுக்கிப் போட்டு ஓர் இரவு விட்டால் தேன் பதத்துக்கு வரும். இதுதான் ஸ்ப்ரூ கூழ். பழைய தூரிகையால் இடைவெளியில் தடவினால் காய்ந்த பிறகு அதுவும் அதே பிளாஸ்டிக்தான். கத்தியால் சுரண்டலாம், அரத்தால் ராவலாம், உப்புத்தாள் போடலாம். எங்கே ஒட்டு இருந்தது என்று தேடினாலும் கிடைக்காது. மற்ற இரண்டும் இந்த விஷயத்தில் இதன் பக்கத்தில்கூட வராது.

குறையும் உண்டு. கரைப்பான் ஆவியாவதால் கூழ் சுருங்கும், ஒரு தடவை பூசியதில் வேலை முடியாது. அவசரப்பட்டு ஒரே மூச்சில் கெட்டியாக அப்பினால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து இளகும். நான் ஒரு தோள்பட்டையில் அப்படித்தான் செய்தேன். மறுநாள் பார்த்தால் சங்கிலிக் கவசத்தின் வளையங்கள் மழுங்கி வழவழவென்று ஆகியிருந்தன. மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு நாள் இடைவெளி, மறுபடி ஒரு பூச்சு. இந்த முறை தவறியதில்லை. ரெசின், உலோக உருவங்களில் கூழ் பிடிக்காது. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் இந்த வேலையில் உட்கார வேண்டும்.

சரி, இடைவெளி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால்? அல்லது அங்கே இல்லாத ஒன்றை, ஒரு துணி மடிப்பையோ தோல் வாரையோ, புதிதாக உருவாக்க வேண்டுமென்றால்? அங்கேதான் கிரீன் ஸ்டஃப்.

நீலமும் மஞ்சளுமாக வரும் எபாக்சி இது, இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால்தான் இறுகும். நாடாவாக வாங்கினால் இரண்டு நிறமும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கோடு ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருக்கும். அதை வெட்டி எறியாமல் பிசைந்தால் கலவையில் குருணை குருணையாகத் தட்டும். பச்சை ஒரே சீராக வரும் வரை சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வேண்டும். நீலம் கூடினால் இறுக்கம் கூடும், மஞ்சள் கூடினால் பிசுபிசுப்பு கூடும். பிசைந்த உடனே எல்லாவற்றிலும் ஒட்டும். கால் மணி நேரம் ஆறப் போட்டால் சொன்னபடி கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாம், நம் ஊர் மே மாதத்தில் அதைவிடக் குறைவு. கருவி ஒட்டாமலிருக்க நான் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தொட்டுக்கொள்கிறேன். இறுகிய பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் அலம்பிவிட வேண்டும், எண்ணெய்ப் பசை மேல் பிரைமர் நிற்காது.

முழுதாக இறுகினாலும் ரப்பர் போல வளையும். மெல்லிய வார் கீழே விழுந்தால்கூட உடையாதது இதனால்தான். உப்புத்தாள் போட்டால் வழவழப்பாகாமல் நார் நாராகப் பிய்வதும் இதே காரணத்தால்தான். தட்டையான கவசத் தகட்டைக் கிரீன் ஸ்டஃபில் செய்யப் போகிறவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

தகட்டுக்கு மில்லிபுட். இதுவும் எபாக்சிதான், வேல்ஸில் தயாராவது. சாதாரண மஞ்சள்-சாம்பல் வகையும் நைசான வெள்ளை வகையும் இருக்கின்றன, உருவங்களுக்கு வெள்ளை. இரண்டு குச்சியிலிருந்தும் சம அளவு எடுத்துப் பிசைந்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் கல்லாகிவிடும். இறுகும் முன் தண்ணீரில் கரையும், அதுதான் இதன் பெரிய வசதி. விரலை நனைத்துத் தடவினால் ஓரம் பிளாஸ்டிக்கோடு கலந்து மறையும். இறுகிய பின் ராவலாம், துளையிடலாம், கூர்மையான விளிம்பு எடுக்கலாம். மெல்லிசான இடத்தில் மட்டும் பொடிந்து உதிரும், பிசின்தன்மையும் குறைவு. தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. நனைத்துத் தேயுங்கள், முகக்கவசமும் போடுங்கள். கிரீன் ஸ்டஃபோடு பாதிக்குப் பாதி கலந்தால் நடுவாந்தரமான குணம் கிடைக்கும். தொப்பி விளிம்பு, பூட்ஸ் போன்றவற்றுக்கு அந்தக் கலவையைத்தான் எடுக்கிறேன்.

எம்-சீல் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். உருவம் நிற்கும் பேஸில் பாறை எழுப்ப, பெரிய உருவத்தின் உள்ளே நிரப்ப, தாராளமாகப் போதும். கண், விரல், ரோமம் போன்ற நுணுக்கத்துக்கு அதை எடுக்காதீர்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கிரீன் ஸ்டஃப் வாங்குங்கள். கூழுக்குத் தனிச் செலவே இல்லை, கிட் வாங்கியவரிடம் சிமென்ட் எப்படியும் இருக்கும். மில்லிபுட்டை, கவசம் போட்ட ஆட்களை அதிகம் மாற்றுகிறவர்கள் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அந்தக் கழுத்துக்கு வருகிறேன். கூழ் இரண்டு பூச்சு போட்டேன், முன்பக்க இடைவெளி மூடிவிட்டது. பின்பக்கம் பள்ளம் பெரிது. அதன் மேல் நூல் கனத்துக்குக் கிரீன் ஸ்டஃப் உருட்டி வைத்து, தோளோடு அழுத்தி, இருபது நிமிடம் விட்டேன். அப்புறம் ஊசி முனையால் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி, சின்னச் சின்னக் கீறலாக, ஒவ்வொன்றும் பக்கத்துக் கீறலுக்குக் கொஞ்சம் சாய்வாக, வரிசை வரிசையாக மேலே ஏறினேன். ஓட்டு வேய்வது மாதிரி, மேல் வரிசையின் நுனி கீழ் வரிசையின் வேரை மூட வேண்டும். நாற்பது நிமிடத்தில் அது ஓநாய்த் தோல் கழுத்துப்பட்டையாகிவிட்டது. மறுநாள் கறுப்புப் பிரைமர் அடித்து, வெளிர் சாம்பலை உலர் தூரிகையால் லேசாக இழுத்தபோது ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றது.