செட்டிநாட்டு வீட்டின் ஒட்டிய அறைகளுக்கு ஸ்பிரிங்ளர்: அறைக் கணக்கா, பரப்புக் கணக்கா?

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கத்தில் பழைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. அவற்றில் ஸ்பிரிங்ளர் (தீயின் சூட்டில் தானே திறந்து நீர் பொழியும் குழாய்முனை) அமைக்க முனையும் பொறியாளர், வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றி ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் அறைகளைப் பார்த்ததும் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: தீப்பிடித்தால் எத்தனை ஸ்பிரிங்ளர்கள் ஒரே சமயத்தில் நீரைப் பொழியும் என்று கொள்வது? குழாயின் விட்டமும் பம்பின் திறனும் தொட்டியின் கொள்ளளவும் அந்த எண்ணிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

ஸ்பிரிங்ளர் அமைப்புக்கான அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 13 இதற்குத் தரும் வழிகளில் இரண்டை இங்கே ஒப்பிடுகிறேன். பரப்பு முறையில், சுவர்கள் எங்கே இருந்தாலும், குழாயில் நீரும் அழுத்தமும் போய்ச் சேர மிகக் கடினமான இடத்தில் குறிப்பிட்ட பரப்பு முழுவதும் நீர் பாய்வதாகக் கொள்கிறோம். விடுதி அறை போன்ற குறைந்த அபாய இடத்துக்கு அது நிமிடத்துக்கு 4.1 மி.மீ. (சதுர மீட்டருக்கு 4.1 லிட்டர்) வீதம் 139 சதுர மீட்டர். அறை முறையில், தீ ஓர் அறைக்குள்ளேயே அடங்கும் என்று நம்பி, அதிக நீர் கேட்கும் அறையை மட்டும் கணக்கிடுகிறோம். அந்த நம்பிக்கைக்கு நிபந்தனை உண்டு: நீர் இருப்பு எவ்வளவு நேரத்துக்குக் கணக்கிடப்படுகிறதோ, குறைந்தது அவ்வளவு நேரம் சுவர்கள் தீயைத் தாங்க வேண்டும்.

குறைந்த அபாயத்துக்கு அந்த நேரம் 30 நிமிடம். தடித்த செங்கல் சுவரில் சுண்ணாம்பு பூசிய வீட்டில் இதைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை என்பதால், அறை முறைக்கென்றே கட்டிய வீடு போலத் தோன்றும். ஆனால் இந்த வீடுகளில் முறையைத் தீர்மானிப்பது சுவரல்ல, கதவு.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். 8 மீட்டர் நீளமும் 7.5 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கூடம். அதன் பக்கங்களில் இரண்டு சிறிய அறைகள். முன்னால் தாழ்வாரத்துக்கு ஒரு வாசல். கூடத்தில் நான்கு ஸ்பிரிங்ளர்கள், ஒவ்வொன்றுக்கும் 15 சதுர மீட்டர். ஒன்று தர வேண்டிய நீர் நிமிடத்துக்கு 61.5 லிட்டர், கே-80 வகையில் (நீர்போக்கு எண் 80 கொண்ட முனையில்) அதற்கு ஏறத்தாழ 0.6 பார் அழுத்தம் போதும். சிறிய அறைகளில் ஒவ்வொன்று, தாழ்வாரத்தில் வாசலுக்கு அருகே இரண்டு.

மூன்று வாசல்களிலும் தானே மூடிக்கொள்ளும் கதவுகள் இருந்தால், அறை முறையில் நான்கு ஸ்பிரிங்ளர்கள், நிமிடத்துக்கு 246 லிட்டர். தீயணைப்புக் குழாய்க்கு விதிக்கப்பட்ட நிமிடத்துக்கு 380 லிட்டரையும் சேர்த்து 30 நிமிடத்துக்கு வேண்டியது 18,780 லிட்டர். கதவுகள் திறந்தே இருக்குமானால், ஒவ்வொரு வாசலுக்கும் அப்பாலுள்ள மிக அருகிலான இரண்டையும், அங்கே ஒன்றுதான் இருந்தால் அந்த ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்பது விதி. நான்கு எட்டாகிறது, தொட்டி 26,160 லிட்டராகிறது.

பரப்பு முறையில் 139 சதுர மீட்டருக்குப் பத்து ஸ்பிரிங்ளர்கள், 29,850 லிட்டர். ஆனால் விரைவாகச் செயல்படும் வகையைப் பொருத்தினால், அதுவும் குழாயில் எப்போதும் நீர் நிற்கும் அமைப்பாக இருந்தால், கூரையின் உயரத்துக்கேற்பப் பரப்பைக் குறைக்கலாம். 14 அடி உயரக் கூரைக்கு 34 சதவீதம் குறைந்து சுமார் 92 சதுர மீட்டராகும். ஏழு ஸ்பிரிங்ளர்கள், சுமார் 24,300 லிட்டர். இந்தச் சலுகை அறை முறைக்குக் கிடையாது. ஆக, கதவு திறந்திருக்கும் வீட்டில் சிக்கனமானது என்று பெயரெடுத்த அறை முறையே அதிக நீர் கேட்கிறது. (குழாய் உராய்வால் எழும் அழுத்த வேறுபாட்டை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் எல்லா எண்களும் சற்று ஏறும்.)

அப்படியானால் கதவுகளை மூடச் செய்யலாமே என்று தோன்றும். இங்கேதான் அந்தக் கதவை அருகில் நின்று பார்க்க வேண்டும். கனத்த பர்மா தேக்கில் இரட்டைக் கதவு. கீல் இல்லாமல் மேலும் கீழும் குடுமியில் சுழல்வது. நிலையெங்கும் சிற்ப வேலைப்பாடு. இரண்டு பலகைகளுக்கும் தானியங்கி மூடியைத் திருகினால் வேலைப்பாடு சிதையும். திருகிய பிறகும் காற்றுக்காக விருந்தினர் ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். தேக்குக் கதவுக்குத் தீத்தாங்கும் சான்று வேண்டுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். குறைந்த அபாய இடத்தில் அது தேவையில்லை, தானே மூடினால் போதும்.

திறந்த வாசலுக்கு இன்னும் இரண்டு வரம்புகள் உண்டு. அகலம் 2.4 மீட்டரைத் தாண்டக் கூடாது. வாசலுக்கு மேல் 200 மி.மீ. ஆழமாவது சுவர் இறங்கி நின்று, சூடான புகையைத் தேக்கி, அறையின் ஸ்பிரிங்ளரை முதலில் திறக்கச் செய்ய வேண்டும். செட்டிநாட்டு நிலைகள் கூரையைவிட நன்றாகத் தாழ்ந்திருப்பதால் இது எளிதில் நிறைவேறும். ஆனால் நிலைக்கு மேல் காற்றுக்காக மரச்சல்லடை வைத்த வாசலில் அந்தத் தேக்கம் நிகழாது. அதை மூடிய சுவராக எண்ணிக் கணக்கிடுவது பிழை.

ஓட்டுக் கூரைக்கு அடியில் மரத்தளம் அடித்து, இடைவெளியில் ஸ்பிரிங்ளர் இல்லாமல் விட்டிருந்தால், விதிவிலக்குகள் பொருந்தாதவரை இரண்டு முறைகளுக்குமே குறைந்தபட்சப் பரப்பு 279 சதுர மீட்டராகிவிடும். ஆகவே கூரையை ஏறிப் பார்க்காமல் எந்த முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். உணவகமாக மாறிய அடுப்படிக் கட்டைத் தனியே சாதாரண அபாய வகையில் கணக்கிட வேண்டும்; அங்கே அறை முறை வேண்டுமென்றால் தீத்தாங்கும் கதவு கட்டாயம்.

என் தேர்வு, வளவைச் சுற்றிய அறைகளுக்கு விரைவு வகையுடன் கூடிய பரப்பு முறை. கதவுகளை மூடும் அறை முறையோடு ஒப்பிட்டால் கூடுதலாக வேண்டியது சுமார் 5,500 லிட்டர். ஊருணியையும் மழையையும் நம்பி வாழ்ந்த ஊரில் அது சிறிய அளவல்ல என்பதை அறிவேன். ஆனாலும் அந்த நீரை ஒருமுறை நிரப்பி வைத்தால் போதும், கதவை ஒவ்வொரு நாளும் காவல் காக்க வேண்டியதில்லை. புதிதாகக் கட்டிய பின்கட்டில், கீல் வைத்த ஒற்றைக் கதவு அறைகளுக்கு மட்டும் அறை முறையைத் தயங்காமல் எடுத்துக்கொள்வேன். அங்கே மூடியைப் பொருத்த எந்தச் சிற்பத்தையும் துளைக்க வேண்டியதில்லை.