பீப் டெஸ்டா, யோ-யோவா? இளம் கால்பந்து வீரர்களை எதை வைத்து அளப்பது?

இரண்டுமே ஓட்டத்தில் எவ்வளவு தாக்குப்பிடிக்க முடிகிறது என்பதை அளக்கும் சோதனைகள். இரண்டுமே 20 மீட்டர் தூரம்தான், இரண்டிலும் அடுத்த பீப் சத்தம் வருவதற்குள் மறுமுனைக்கு ஓட வேண்டும். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

பீப் டெஸ்ட் மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு அரை கி.மீ. கூடிக்கொண்டே போகும், நடுவில் ஓய்வே கிடையாது. டென்மார்க்கின் விளையாட்டு உடலியல் ஆய்வாளர் யென்ஸ் பாங்ஸ்போ வகுத்த யோ-யோவில் ஒரு தடவை போய்த் திரும்பியதும் 10 வினாடி ஓய்வு உண்டு. கால்பந்தில் யார் ஒரே சீராக ஓடுகிறார்கள்? விரட்டு, நில், திரும்பு, மறுபடி விரட்டு. அந்த 10 வினாடிக்குள் பிள்ளைக்கு மூச்சு எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். என் ஓட்டு யோ-யோவுக்கே. ஆனால் அது எடுத்த எடுப்பிலேயே 10 கி.மீ. வேகம். புதிதாக வந்த சின்னப் பிள்ளைகள் சில சுற்றுகளிலேயே நின்றுவிட்டால் எதை அளப்பது? அவர்களுக்கு பீப் டெஸ்ட் போதும்.

அப்புறம் காலின் வெடிப்புத்திறன், அதாவது ஒரே உந்தலில் கால் காட்டும் வேகமும் பலமும். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டச் சொன்னால் ஒரு அளவு நாடா போதும். ஆனால் கை வீச்சும் பழக்கமும் சேர்ந்தே அளவாகின்றன. இடுப்பில் கை வைத்து மேல்நோக்கிக் குதிப்பது சுத்தமான சோதனை. செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்து, கால் தரையில் படாமல் இருந்த நேரத்திலிருந்து குதித்த உயரத்தைக் கணக்கிடலாம்: 0.50 வினாடி என்றால் சுமார் 31 செ.மீ. இதில் ஒரு கோளாறு உண்டு. இறங்கும்போது முழங்காலை மடக்கினால் நேரம் நீளும். 0.54 என்று வந்தாலே 36 செ.மீ. ஆகிவிடும், பையன் கூடுதலாகக் குதிக்கவே இல்லை. கால் நீட்டியபடி இறங்காத குதிப்பை மறுபடி எடுங்கள்.

10 மீட்டர் ஓட்டத்தைக் கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து எடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. விரல் தாமதமே இரு பிள்ளைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைத் தின்றுவிடும்.

எந்தச் சோதனையானாலும் 14 வயதில் ஒருவன் மீசை அரும்பி நிற்பான், பக்கத்தில் நிற்பவன் இன்னும் உயரவே தொடங்கியிருக்கமாட்டான். இவர்களை ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தி, கடைசியில் வந்தவனை வெளியே அனுப்புவதைப் பார்த்தால் மனது கேட்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம், எடையோடு சேர்த்து எழுதி வையுங்கள். அவனுடைய பழைய எண்ணுக்குப் பக்கத்தில் அவனுடைய புதிய எண்.