ஸ்கேன் எடுக்காமல் கட்டியில் கத்தி வைக்க விடாதீர்கள்

என் தம்பிக்கு 26 வயது. முழங்காலுக்குப் பின்பக்கம் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி 2 வருஷமாக இருந்தது. வலிக்காததால் அவனும் கண்டுகொள்ளவில்லை. கடைசி நாலைந்து மாதத்தில் மளமளவென்று பெருத்து, காலை மடக்கினால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் மருத்துவரிடம் போனோம்.

அந்த அறுவை மருத்துவர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். "கொழுப்புக் கட்டிதான், அரை மணி நேரத்துல எடுத்துடலாம்" என்றார். ஸ்கேன் எடுக்கவேண்டாமா என்று கேட்டேன். "எதுக்கும்மா வீண் செலவு?" என்றார். நமக்காகப் பார்க்கிறாரே என்று நம்பிவிட்டோம்.

மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார். பிறகு ஒரு தட்டில் கொண்டுவந்து காட்டினார். முழுக் கட்டியாக இல்லை, நாலைந்து துண்டாக இருந்தது. கொழுப்பு என்றால் மஞ்சளாகத்தானே இருக்கும்? இது மீன் சதை போல வெளிறியிருந்தது. பரிசோதனைக்கு அனுப்பத் தேவையில்லை என்றவரிடம் மல்லுக்கட்டித்தான் அனுப்ப வைத்தேன். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் போய்விடுகிறது.

ரிப்போர்ட்டில் சைனோவியல் சார்கோமா என்று வந்தது. மென்திசுக்களில் வரும் அபூர்வமான புற்றுநோய். சைனோவியம் என்றால் மூட்டுச் சவ்வு. அதனால் பெயரைப் பார்த்து அங்கே வருவது என்று நினைத்தோம், அப்படி இல்லையாம். எக்ஸ் குரோமோசோமும் 18ஆவது குரோமோசோமும் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால், எஸ்எஸ்18 என்ற மரபணு இன்னொரு மரபணுவோடு இணைந்து இந்தப் புற்றுநோயை உண்டாக்குகிறது. இது பரம்பரையாக வருவதில்லை, அந்தக் கட்டியின் செல்களில் மட்டும் நடக்கிற மாற்றம். இளவயதுக்காரர்களுக்கும் வரும். வருஷக்கணக்கில் மெதுவாக வளரவும் செய்யும். "ரொம்ப நாளா இருக்கு, அதனால ஆபத்தில்ல" என்ற பேச்சு இதனிடம் எடுபடாது.

சார்கோமா பார்க்கும் மருத்துவர் தழும்பைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. காலின் நீளவாக்கில் கீறியிருக்க வேண்டியதைக் குறுக்கே கீறியிருந்தார்கள். ரத்தம் வடியும் குழாயை வேறொரு ஓட்டை போட்டுத் தள்ளி வைத்திருந்தார்கள். துண்டு துண்டாக எடுத்ததால் கத்தி பட்ட இடம், ரத்தம் கசிந்த இடம், குழாய் வைத்த ஓட்டை எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று பேனாவால் கோடு போட்டார். அந்த இடத்தில்தான் காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கின்றன. "அக்கா, கால் இருக்குமா?" என்று தம்பி என்னிடம் கேட்டான்.

கால் தப்பியது. ஆனால் இரண்டாவது அறுவை, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியது, அப்புறம் கதிர்வீச்சு என்று மாதக்கணக்கில் படுத்துவிட்டான். இரண்டாவது முறை எடுத்த சதையிலும் புற்றுநோய் செல்கள் இருந்தன.

முதல் மருத்துவரிடம் போய்க் கேட்டோம். "இது அபூர்வம்மா, யாருக்குத் தெரியும்?" என்றார். அபூர்வம்தான், பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சார்கோமா எல்லாம் சேர்த்தே சுமார் 1 சதவீதம்தான். தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை என்று அவரைக் குறை சொல்லவில்லை, அது யாராலும் முடியாது. முடியாது என்பதால்தானே ஸ்கேன் இருக்கிறது?

கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, சதைக்குள் ஆழமாக இருந்தாலோ, எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தாலோ முதலில் ஸ்கேன் கேளுங்கள். பெரும்பாலும் எம்ஆர்ஐ எடுப்பார்கள். அதில் சந்தேகம் வந்தால் ஊசி பயாப்ஸி, அதாவது ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிப்பது. அதையும் சார்கோமாவுக்கு அறுவை செய்யும் குழுவிடமே செய்துகொள்ளுங்கள், ஊசி போகிற வழியை அவர்கள் யோசித்துத்தான் குத்துவார்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பயந்து மறுக்காதீர்கள். எங்களுக்குக் கேடு வந்தது ஊசியால் இல்லை, அவசரக் கத்தியால். எடுத்த கட்டி எதுவானாலும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஸ்லைடையும் (சதையை மெல்லியதாகச் சீவி ஒட்டிய கண்ணாடி) பிளாக்கையும் (சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கி வையுங்கள், அடுத்த மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான்.

இந்த நோய் பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். அதனால் தம்பிக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு ஸ்கேன். அடுத்தது வருகிற வாரம்.