லீட்ஸ் வீட்டுக்கு கோபில உக்காந்து வில்லங்கம் பாத்தது: யூ.கே. லேண்ட் ரெஜிஸ்ட்ரி ரிவ்யூ

நம்ம பக்கம் அஞ்சு செண்டு எடம் வாங்கறதுன்னாக்கூட முப்பது வருச வில்லங்கம் போட்டு, பட்டா யாரு பேருல இருக்குதுன்னு பாத்து, அக்கம்பக்கத்துல நாலு பேர்த்தக் கேட்டுப்போட்டுத்தான் அட்வான்ஸ் கைமாறும். அதே குடும்பத்துல புள்ளைய வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பறப்ப மட்டும், வாட்ஸ்அப்ல வந்த நாலு போட்டோவ நம்பி லட்சம் ஒன்ற லட்சம்னு அனுப்பிச்சுப் போடறாங்க. இங்கிலாந்துக்குப் போறவங்களுக்கு அங்கயும் வில்லங்கம் மாதிரியே ஒண்ணு போட்டுப் பாக்கறதுக்கு வழி இருக்குதுங்க, நெறைய பேர்த்துக்குத் தெரியறதில்லைன்னுதான் இத எழுதறேன்.

எச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரிங்கறது அங்கத்த கவர்மெண்டு சொத்துப் பதிவு ஆபீசு. ஜிஓவி டாட் யூகே வெப்சைட்ல போயி வீட்டு அட்ரஸையோ போஸ்ட்கோடையோ போட்டா அந்த வீட்டோட சுருக்கம் ஃப்ரீயாவே வரும், ஓனர் பேரு வேணும்னா 7 பவுண்டு கட்டி டைட்டில் ரெஜிஸ்டர்ங்கற பிடிஎஃப்ப டவுன்லோடு பண்ணிக்கலாம். முன்ன 3 பவுண்டா இருந்துச்சு, 2024 டிசம்பர்ல ஏத்திட்டாங்க. நம்மூரு காசுக்கு எண்ணூறு ரூவா சுத்துக்கும். அந்த நாட்டு ஆளாத்தான் இருக்கோணும்னு ஒண்ணும் இல்லை, ஈமெயில் குடுத்து அக்கவுண்ட் போட்டு, வெளிநாட்டுப் பேமெண்ட் ஆன் பண்ணி வெச்ச கார்டு இருந்தாப் போதும்.

எங்க சித்தப்பா பொண்ணுக்கு லீட்ஸ்ல எம்.எஸ்சி. சீட்டு கெடச்சுதுங்க. ஃபேஸ்புக் குரூப்ல ஒருத்தன் ரூமு இருக்குதுன்னு போட்டிருந்தான், யுனிவர்சிட்டிக்கு நடந்தே போற தூரம், வாடகையும் மத்த எடத்தவிடக் கம்மி. தான் இப்ப ஸ்காட்லாந்துல ஆயில் கம்பெனி வேலைல இருக்கறதாவும், நேர்ல காட்ட முடியாதுன்னும், மூணு மாச வாடகைய டெபாசிட்டா அனுப்பிச்சா சாவியக் கூரியர்ல போட்டுவிடறேன்னும் சொன்னான். கேக்காமயே பாஸ்போர்ட் போட்டோ வேற அனுப்பிச்சான். "ஏனுங்ணா, பாஸ்போர்ட்டே குடுத்துட்டாருங்ணா, இன்னும் என்னத்தப் பாக்கறது"ன்னு அம்மிணி கேட்டுது, சித்தப்பா பேங்குக்குக் கெளம்பறதுக்கு ரெடியா நின்னாரு. ஒரு நா பொறுங்கன்னு சொல்லிப்போட்டு இந்த ரெஜிஸ்டர எடுத்தேன்.

ஏ, பி, சின்னு மூணு பகுதியா இருக்குதுங்க. ஏ பகுதில சொத்து எது, ஃப்ரீஹோல்டா (நெலத்தோட சேத்து முழு உரிமை) லீஸ்ஹோல்டா (இத்தன வருசத்துக்குன்னு குத்தகை மாதிரி வாங்குன உரிமை)ன்னு இருக்கும். நமக்கு முக்கியம் பி பகுதிதான், ஓனர் பேரும் அவங்களுக்குத் தபால் போடற அட்ரஸும் அதுலதான் வரும். சி பகுதில அடமானம் கிடமானம் இருந்தாத் தெரியும். எங்களுக்கு பி பகுதில இவன் பேரு இல்லை, ஒரு கம்பெனி பேரு இருந்துச்சு. கேட்டதுக்கு அது என்ற கம்பெனிதான்னு ஒடனே பதில் வந்துச்சு, கேட்டா நம்பற மாதிரித்தான் இருக்குது. ஆனா ரெஜிஸ்டர்ல கம்பெனி பேருக்குப் பக்கத்துலயே அதோட பதிவு நம்பரும் இருந்துச்சு, அந்த நம்பர கம்பெனிஸ் ஹவுஸ்ங்கற இன்னொரு கவர்மெண்டு சைட்ல போட்டா டைரக்டருங்க பேரெல்லாம் ஃப்ரீயா வருதுங்க, அதுல பாஸ்போர்ட்ல இருந்த பேரு எங்கயுமே இல்லை. அதச் சொன்னதும் அவன் எங்கள பிளாக் பண்ணிட்டான். அந்தப் பாஸ்போர்ட் வேற எவனோ ஒரு பாவப்பட்டவன்கிட்ட வாங்குனதா இருக்கும், இவன்கிட்ட பாஸ்போர்ட் காப்பி குடுத்து ஏமாந்தவங்க எத்தன பேரோன்னு நெனச்சாத்தான் வயிறு எரியுது.

கொறைன்னு பாத்தா, பிளாட்டுக்குத் தேடறப்ப ஃப்ரீஹோல்டு ஒண்ணு லீஸ்ஹோல்டு ஒண்ணுன்னு ரெண்டு டைட்டில் வரும், எத எடுக்கறதுன்னு புதுசாப் பாக்கறவங்களுக்குப் புரியறாப்பல அந்த சைட்ல எழுதல. ஃப்ரீஹோல்ட எடுத்தீங்கன்னா மொத்தக் கட்டடத்தோட ஓனர் பேருதான் வரும், 7 பவுண்டு வீணு. லீஸ்ஹோல்ட எடுங்க. சில பழைய வீடுங்க பதிவே ஆகாமயும் இருக்கும். அப்பறம் கூகுள்ல தேடுனா கவர்மெண்டு சைட்டு மாதிரியே இருக்கற தனியார் சைட்டுங்கதான் மேல வருது, அதே பிடிஎஃப்புக்கு ரெண்டு மூணு மடங்கு காசு வாங்கறாங்க, அட்ரஸ் பார்ல ஜிஓவி டாட் யூகே இருக்குதான்னு பாத்துட்டுக் கார்டு நம்பரப் போடுங்க.

இன்னொன்னு, ஓனர் பேரு சரியா இருந்தாலும் பேசறவன் அந்த ஓனர்தாங்கறதுக்கு இது சாட்சி ஆகாது. ஓனர் பேரத் தெரிஞ்சு வெச்சுட்டு அதே பேருல பேசறவனும் இருக்கறான். அதனால அங்க இருக்கற நம்மூருப் பசங்க யாரையாச்சும் நேர்ல போயிப் பாக்கச் சொல்லோணும், இல்லீனா வீடியோ கால்ல வாசல்ல இருந்து உள்ள போறவரைக்கும் நிறுத்தாமக் காட்டச் சொல்லோணும். சட்டமும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. இங்கிலாந்துல 2019ல வந்த சட்டப்படி, வருச வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ இருந்தா டெபாசிட்டு அஞ்சு வார வாடகைக்கு மேல வாங்கக்கூடாது, எங்ககிட்ட மூணு மாசம் கேட்டதே தப்புத்தான். வாங்குன டெபாசிட்ட 30 நாளைக்குள்ள கவர்மெண்டு ஒத்துக்கிட்ட மூணு டெபாசிட் பாதுகாப்பு ஸ்கீம்ல ஒண்ணுல போடோணும், எந்த ஸ்கீம்னு கேட்டீங்கன்னா நெசமான ஓனரு ஒடனே பேரச் சொல்லுவாரு. ஏஜென்ட் மூலமாப் போனா, அவங்க எந்த ரெட்ரஸ் ஸ்கீம்ல (ஏஜென்ட் மேல வர்ற புகார விசாரிக்கற அமைப்பு) மெம்பர்னு கேளுங்க, அங்க மெம்பரா இருக்கறது கட்டாயம்.

அம்மிணிக்குக் கடைசில யுனிவர்சிட்டி ஹாஸ்டல்லயே எடம் கெடச்சுது, வாடகை கொஞ்சம் தூக்கல்தான், ஆனா மொத வருசத்துக்கு அதுதான் நிம்மதின்னு சித்தப்பாவும் ஒத்துக்கிட்டாரு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். அந்த ஒரு ஸ்டாரக் கொறச்சது லீஸ்ஹோல்டு கொழப்பத்துக்குத்தான். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்தாங்க, கிளாஸ்கோ எடின்பரோன்னு போறவங்களுக்கு ஸ்காட்லாந்துல ரெஜிஸ்டர்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்துன்னு தனி ஆபீசு இருக்குது. யாராச்சும் ஏற்கெனவே காசு அனுப்பிச்சுப் போட்டிருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு உக்காராம மொத வேலையா பேங்குக்குச் சொல்லிட்டு நம்ம நாட்டு சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்குப் போன் போடுங்க, எவ்வளவு வெரசாச் சொல்றீங்களோ அவ்வளவுக்குப் பணத்த நிறுத்தி வெக்கறதுக்கு வாய்ப்பு இருக்குது.