வீட்டு பைக் வேலைக்கு எந்த டார்க் ரெஞ்ச்: க்ளிக் வகையா, முள் வகையா?

பைக் ஆயிலை வீட்டிலேயே மாற்ற ஆரம்பித்தால், கொஞ்ச நாளிலேயே டார்க் ரெஞ்ச், அதாவது போல்ட்டை எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் ஸ்பானர், ஒன்று வேண்டும் என்று தோன்றிவிடும். பாரிமுனை டூல்ஸ் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் க்ளிக் வகையைத்தான் எடுத்து வைப்பார்கள். ஆன்லைனில் தேடினாலும் முதலில் வருவது அதுதான். இரண்டு வகையையும் கையில் பிடித்து வேலை பார்த்த பிறகு நான் வாங்கியது பீம் வகை, அதாவது முள்ளும் அளவுப் பட்டையும் உள்ள பழைய மாதிரி. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டார்க் ரெஞ்ச் அவசியமா என்ற கேள்விக்குள் அதிகம் போக வேண்டாம். இருபது வருஷம் ஒரே வேலையைச் செய்த மெக்கானிக்குக்குக் கைப்பதம் இருக்கும். வருஷத்துக்கு நாலைந்து தடவை ஸ்பானர் எடுக்கிற நமக்கு அது வராது. இன்ஜின் கேஸ் அலுமினியம், போல்ட்டு இரும்பு. கொஞ்சம் கூடுதலாக இறுக்கினால் போவது அலுமினியத்தில் இருக்கிற மரைதான். பிறகு ஹெலிகாயில் (பாழான மரைக்குள் பொருத்தும் கம்பிச் சுருள்) போட வேண்டும், இல்லையென்றால் கேஸையே மாற்ற வேண்டும்.

க்ளிக் வகையில் கைப்பிடியைத் திருகி வேண்டிய அளவை வைக்கிறோம். உள்ளே ஒரு ஸ்பிரிங் அதற்கேற்ப அமுங்கி நிற்கிறது. இறுக்கும் விசை அந்த அளவைத் தொட்டதும் உள்ளிருக்கும் பிடி நழுவி 'டக்' என்று சத்தம் வரும், கையிலும் ஒரு உதறல் தெரியும். சத்தம் வந்த பிறகும் ரெஞ்ச் தானாக நிற்காது. நாம்தான் கையை எடுக்க வேண்டும். பீம் வகையில் இந்தச் சங்கதி எதுவும் கிடையாது. ஒரு இரும்புத் தண்டு, அதன் தலையிலிருந்து கிளம்பும் மெல்லிய முள், கைப்பிடிப் பக்கம் ஒரு அளவுப் பட்டை, அவ்வளவுதான். இறுக்கும்போது தண்டு வளையும், முள்ளின் மேல் விசை இல்லாததால் அது நேராகவே நிற்கும். எவ்வளவு வளைந்தது என்பதைப் பட்டையில் படிக்கிறோம்.

துல்லியத்தைப் பார்த்தால் க்ளிக் வகை கொஞ்சம் முன்னால் நிற்கிறது. டார்க் ரெஞ்சுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 6789, 10 நியூட்டன் மீட்டருக்கு (இறுக்கும் விசையை அளக்கும் அலகு) மேல் அளவு மாற்றக்கூடிய க்ளிக் ரெஞ்சுக்கு 4 சதவீதப் பிழையை அனுமதிக்கிறது. பீம் வகைக்கு 6 சதவீதம். இந்த 2 சதவீத வித்தியாசத்துக்காக நான் கவலைப்படுவதில்லை. ஒரு போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. மிச்சமெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். மரையில் ஒரு துளி எண்ணெய் இருந்தால் அந்தக் கணக்கு 2 சதவீதத்தைவிட எவ்வளவோ அதிகம் மாறும். மேனுவலில் எண்ணெய் தடவச் சொல்லியிருந்தால் ஒழிய, மரையைத் துடைத்துக் காயவைத்து இறுக்குவதுதான் ரெஞ்ச் மாற்றுவதைவிடப் பெரிய லாபம்.

நான் முடிவெடுத்தது வேறொரு விஷயத்தை வைத்து. வாங்கும் நாளில் எல்லா ரெஞ்சும் சரியாகத்தான் இருக்கும். ஆறு மாசம் பெட்டியில் கிடந்த பிறகு, இன்றைக்கு இது காட்டும் அளவு சரிதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதுதான் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். ஏனென்றால் நம் ரெஞ்ச் உழைப்பதைவிடச் சும்மா கிடப்பதுதான் அதிகம்.

க்ளிக் ரெஞ்ச் பராமரிப்பு கேட்கும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, பட்டையில் இருக்கும் மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்கும் கீழே முழுக்கக் கழற்றிவிடவும் கூடாது. அதை வைத்து நட்டைக் கழற்றக் கூடாது, கீழே போடக் கூடாது. நாள்பட எடுக்காமல் இருந்தால், உள்ளே இருக்கும் கிரீஸ் பரவுவதற்காக நடு அளவில் வைத்துச் சில தடவை சொடுக்கிவிட்டுத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். ஒருவரே பயன்படுத்தினால் இதெல்லாம் பெரிய கஷ்டம் கிடையாது. ஆனால் வீட்டு டூல் பாக்ஸ் ஒருத்தர் கையில் மட்டுமா இருக்கிறது? பக்கத்து வீட்டுத் தம்பி இரவல் வாங்கிப் போய், கார் வீல் நட்டை இறுக்கிவிட்டு 100-இல் வைத்தபடியே திருப்பிக் கொடுத்தால், அது அப்படியே மாசக்கணக்கில் அமுங்கிக் கிடக்கும். கீழே விழுந்திருந்தாலும் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அளவு தவறிப்போன க்ளிக் ரெஞ்சும் அதே 'டக்' சத்தத்தைத்தான் போடும்.

தரநிலைப்படி 12 மாதத்துக்கு ஒரு தடவை, அல்லது 5000 தடவை சொடுக்கிய பிறகு, எது முதலில் வருகிறதோ அப்போது அளவு சரிபார்க்க வேண்டும். தொழிற்சாலைகள் இதற்காக என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேப்புக்கு அனுப்புகின்றன. 5000-ஐ நாம் ஆயுசுக்கும் தொட மாட்டோம், 12 மாதம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய ரெஞ்சை வருஷா வருஷம் லேப்புக்கு அனுப்ப யாருக்கும் மனசு வராது.

பீம் வகையில் இந்தச் சோதனை ஒரு பார்வையில் முடிந்துவிடும். கையில் எடுத்ததும் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா? நின்றால் போதும். தாங்கும் எல்லைக்குள் வளைக்கப்பட்ட இரும்புத் தண்டு ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்கே திரும்பும், பத்து வருஷம் சும்மா கிடந்தாலும் அதன் விறைப்பு மாறாது. கீழே விழுந்து முள் வளைந்துவிட்டால் கண்ணுக்கே தெரியும். முள்ளைக் கையால் மெதுவாக வளைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். முள் எங்கேயும் உரசாமல் இருந்தால் சரி.

க்ளிக் ரெஞ்ச் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சாக்கெட் மாட்டும் சதுர முனையை வைஸில் (மேஜையில் பொருத்திய இடுக்கியில்) பிடித்து, ரெஞ்ச் தரைக்கு இணையாகப் பக்கவாட்டில் ஆடும்படி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் ரெஞ்சின் சொந்த எடை கணக்கில் வராது. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைக் கைப்பிடியின் நடுவில் மாட்டி, செங்கோணத்தில் மெதுவாக இழுங்கள். சதுர முனையின் மையத்திலிருந்து கொக்கி வரை 35 செ.மீ. என்றால், தராசு 10 கிலோ காட்டும்போது இறுக்கும் விசை 10 × 9.81 × 0.35, அதாவது சுமார் 34 நியூட்டன் மீட்டர். ரெஞ்சை 34-இல் வைத்திருந்தால் அந்த இடத்தில்தான் சொடுக்க வேண்டும். சொடுக்கும் நொடியில் தராசின் எண் தாவிவிடும் என்பதால் போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்ப்பது நல்லது. இது லேப் சோதனைக்கு ஈடாகாது, ஆனால் ரெஞ்ச் பெரிதாகத் தவறியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

முள்ளைப் பார்த்துக்கொண்டே இறுக்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மரை நன்றாக இருந்தால் போல்ட்டு திரும்பத் திரும்ப முள்ளும் ஏறிக்கொண்டே போகும். போல்ட்டு திரும்புகிறது, முள் மட்டும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் மரை இளகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடலாம். பழைய வண்டியில் ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெய்ன் போல்ட்டில் இது ரொம்ப உதவும். க்ளிக் ரெஞ்சில் அந்த மாதிரி மரையில் சத்தமே வராது. சத்தம் வரட்டும் என்று இழுத்துக்கொண்டே இருந்தால் மரை மொத்தமாகப் போய்விடும்.

சரி, பீம் வகை எங்கே தொல்லை கொடுக்கும்? பட்டையை நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். சாய்வாகப் பார்த்தால் அளவு மாறித் தெரியும். சைலன்சருக்குப் பக்கத்தில் குனிந்து பின்பக்க ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது கையும் கண்ணும் ஒரே இடத்தில் வராது. அங்கே வீட்டில் யாரையாவது முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறேன். கிளட்ச் கவர் போல பத்துப் பன்னிரண்டு போல்ட்டுகளை வரிசையாக இறுக்கும் வேலையிலும் க்ளிக் வகைதான் சுகம், வேகம்.

எந்த வகை வாங்கினாலும் அளவு வரம்பைப் பார்த்து வாங்குங்கள். கடையில் சுலபமாகக் கிடைக்கும், அரை இஞ்ச் சதுர முனை உள்ள ரெஞ்சுகளில் பல 200 நியூட்டன் மீட்டர் வரை போகும். ஆனால் பைக்கில் பாழாகிற போல்ட்டுகள் சின்னவை. பொதுவாக 6 மி.மீ. போல்ட்டுக்கு (தலையின் அளவு இல்லை, மரையின் விட்டம்) சுமார் 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுக்கு சுமார் 25, ஆக்ஸில் நட்டுக்கு 60-இலிருந்து 100 வரை இருக்கும். சரியான எண்ணுக்கு உங்கள் வண்டியின் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும். பழைய மேனுவலில் கிலோகிராம்-விசை மீட்டரில் (kgf·m) போட்டிருந்தால், நியூட்டன் மீட்டருக்கு மாற்ற 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். க்ளிக் ரெஞ்ச் அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பகமில்லை. 200 வரை போகும் பீம் பட்டையிலும் 10 என்பது மயிரிழை இடைவெளிதான். அதனால் 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு மட்டும் 5 முதல் 25 வரை போகும் சின்ன க்ளிக் ரெஞ்ச் ஒன்று வைத்திருக்கிறேன். கொக்கித் தராசுச் சோதனை அதற்குத்தான்.

டிஜிட்டல் வகையைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. நண்பரிடம் வாங்கிய டிஜிட்டல் அடாப்டரை (சாதாரண ரெஞ்சுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டுவது) கொஞ்ச நாள் பயன்படுத்தியதோடு சரி. எண் தெளிவாகத் தெரிகிறது, அளவு நெருங்கும்போது பீப் அடிக்கிறது, இருட்டிலும் வேலை நடக்கிறது. பேட்டரியைக் கழற்றி வைக்காவிட்டால் அது கசிந்து கெடும் அபாயம் உண்டு. வருஷக்கணக்கில் எப்படி உழைக்கும் என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை.

பீம் வகை வாங்கப் போனால் பெட்டியைப் பிரித்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். முள் பூஜ்யத்தில் நின்று, பட்டையில் உரசாமல் ஆட வேண்டும். கைப்பிடி ஒற்றை ஆணியில் மாட்டிய மாதிரி என்றால் இரு பக்கமும் லேசாக அசைய வேண்டும். இறுக்கும்போதும் அதன் முனைகள் தண்டைத் தொடாமல் பிடித்தால்தான் அளவு சரியாக வரும். பட்டையில் நியூட்டன் மீட்டர் கோடுகள் ஐந்து ஐந்தாக இருக்க வேண்டும். சில மலிவு ரெஞ்சுகளில் அடி-பவுண்டுக்கு மட்டும் நெருக்கமான கோடுகள் போட்டு, நியூட்டன் மீட்டர் பக்கம் இருபது இருபதாக விட்டிருப்பார்கள். ட்ரெய்ன் போல்ட்டுக்கு அது உதவாது.