டாக்டர் லெக்ராண் தந்த அளவும் ஒரு நல்ல பெர்ஃபரேஷன் கேஜும்

பழைய இலங்கைத் தபால்தலைகளைச் சேர்ப்பவர்கள் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் பெர்ஃபரேஷன் கேஜில் பிடிக்க வேண்டாம். தபால்தலை விளிம்பின் துளைகளை அளக்கும் சிறு கருவி அது. புள்ளி வரிசைகள் அச்சிட்ட அட்டையை ஒதுக்கிவிட்டு, சரிவுக் கோடுகள் போட்ட தெளிவான பிளாஸ்டிக் கேஜை வாங்கினேன். இனி அட்டைப் பக்கம் போகமாட்டேன்.

இந்த அளவை நமக்குத் தந்தவர் ஒரு மருத்துவர்: பாரிஸைச் சேர்ந்த ழாக் அமாபிள் லெக்ராண். ‘டாக்டர் மேக்னஸ்’ என்ற புனைபெயரில் எழுதியவர். ஐரோப்பியப் பேரரசுகள் தங்கள் காலனிகளுக்கெல்லாம் தபால்தலை அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்த காலம். 1866-ல் அவர் ஒரு விதி வகுத்தார்: 2 செ.மீ. நீளத்தில் எத்தனை துளைகள் என்று எண்ணுங்கள். பதினான்கு என்றால் அது ‘14’. இன்றும் கேட்லாக்குகள் போடுவது இந்த எண்ணைத்தான். எல்லோரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது விளிம்பைப் பார்க்கச் சொன்னவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இலங்கையின் முதல் தபால்தலைகள் 1857-ல் துளையில்லாமல் வந்தன. கத்தரித்துத்தான் ஒட்ட வேண்டும். 1861-ல் துளையிட்டவை வந்தன. அதே விக்டோரியா அரசி, அதே நட்சத்திர நீர்க்குறி (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் அடையாளம்). துளைதான் 14 முதல் 15½ வரை அலையும். 1863-லிருந்து ‘கிரவுன் சி.சி.’ நீர்க்குறியோடு, அதாவது கிரீடமும் CC என்ற எழுத்துகளும் கொண்ட குறியோடு வந்தவை 12½. அரைஅரையாக ஏறும் புள்ளி அட்டை இங்கே கைவிரித்துவிடும். புதிய கேஜைத் தபால்தலையின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினால், கோடுகள் பற்களின் நடுவே வந்து விழும் இடத்தில் தசம அளவு கிடைக்கிறது. என்னிடமுள்ள பழுப்பு நிற ஆறு பென்ஸ் தலையில், இடப்பாதியில் சரியாக விழுந்த கோடுகள் வலப்பாதியில் விலகிப்போகின்றன. துளையிட்ட இயந்திரத்தில் ஊசிகள் சம இடைவெளியில் இல்லை என்பது கண்ணெதிரே தெரிகிறது! உறையில் ஒட்டியிருக்கும் தலையைக்கூடப் பிரிக்காமல் அளக்கலாம்.

பழைய அட்டையை ஸ்டீல் ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 14 என்று போட்ட வரிசையில் பதினான்கு இடைவெளிகள் 20 மி.மீ.யை எட்டவே இல்லை. நகலெடுத்து அச்சிட்டபோது சுருங்கியிருக்க வேண்டும். இப்படி ஒரு பொருளை விற்பது சேகரிப்பவருக்குச் செய்யும் துரோகம். எந்த கேஜை வாங்கினாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

புதியதிலும் குறை உண்டு. எண்கள் மிகப் பொடி. லென்ஸ் இல்லாமல் படிக்க முடியாது. டியூப்லைட்டுக்கு நேர்கீழே வைத்தால் கூசும். ஜன்னல் வெளிச்சமே நல்லது. எளிதில் கீறலும் விழுகிறது. உறை எதுவும் தருவதில்லை, அதனால் மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். விலை அட்டையைவிடப் பல மடங்கு. இலங்கைத் தலைகளோ ஆஸ்திரேலியக் காலனித் தலைகளோ வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். சுதந்திர இந்தியத் தலைகளை மட்டும் சேர்ப்பவர்களுக்கு, அளவு சரியாக உள்ள அட்டையே போதும்.