அம்மம்மாவா, படப்புத்தகமா, ஃபோனா?

மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நாலு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கதை வேண்டும். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் அதற்கு நாலு வழி: அம்மம்மா, படப்புத்தகம், ஃபோனில் ஒலிக்கதை, யூடியூப் கார்ட்டூன். நாலையும் மாறி மாறிப் பார்த்தாயிற்று.

கார்ட்டூனை முதலில் ஒதுக்கிவிடலாம். அதைப் போட்டால் சோறு இறங்கும். தாய்மாருக்கு அது பெரிய உதவிதான். ஆனால் இராவணனின் முகம், மீசை, குரல் எல்லாவற்றையும் யாரோ முடிவு செய்துவிட்டார்கள், பிள்ளைக்கு வேலை மிச்சமில்லை. உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டலும் இரண்டு முதல் நாலு வயது வரையான பிள்ளைகளுக்குத் திரை நாளைக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, இருந்தபடி கழியும் நேரத்தில் பெரியவர் ஒருவரோடு வாசிப்பதும் கதை கேட்பதும் நல்லது என்கிறது.

காதால் கேட்பதுதான் கற்பனைக்குத் தீனி என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். அமெரிக்காவின் சின்சினாட்டி சிறுவர் மருத்துவமனையில் ஜோன் ஹட்டன் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு அதை ஆட்டிவிட்டது. நாலு வயதை ஒட்டிய 27 பிள்ளைகளுக்குக் கதைகளை மூன்று விதமாகக் கொடுத்து, எம்ஆர்ஐ கருவியில் மூளையைப் பார்த்தார்கள். ஒலி மட்டும் கேட்டபோது மொழிக்குரிய பகுதிகள் இயங்கின. ஆனால் விளங்கிக்கொள்ளப் பிள்ளைகள் சிரமப்பட்டார்கள். அசைபடத்தில் கதை விளங்கியதே குறைவு. அசையாத படங்களைப் பார்த்தபடி கேட்டபோதுதான் பார்வை, மொழி, கற்பனை மூன்றும் கைகோத்தன.

27 பேர் சின்னத் தொகைதான். ஆனால் என் மகளைப் பார்த்தால் சரியென்றே படுகிறது. பனிக்கரடியை அவள் எதிலிருந்து கற்பனை செய்வாள்? புத்தகத்தில் ஒரு படம் இருந்தால் போதும், மிச்சத்தை அவளே ஓடவிடுகிறாள். ஒலிக்கதை அவளுக்கு ஐந்து நிமிடம். அதிலும் பாதி தமிழ்நாட்டுக் கதைகள், "பாட்டி எண்டா ஆர்?" என்று நிற்பாள். கொழும்பு பஸ்ஸில் மகனுக்கு மட்டும் அது உதவும்.

ஒன்று, அந்த ஆய்வில் பிள்ளைகள் கேட்டது பதிவுசெய்த குரல். அம்மம்மாவை யாரும் அந்தக் கருவிக்குள் விட்டுப் பார்க்கவில்லை.

அவர் சொல்வது பெரும்பாலும் எங்கள் ஊர்ச் சுவாமி மலையில் பாறை பிளந்திருக்கும் இராவணன் வெட்டின் கதை. மலையைப் பெயர்க்க வந்தவனை அவர் வெட்டில் நிறுத்தும்போது மகன் குறுக்கிட்டான்.

"அம்மம்மா, பத்து வாயும் ஒரே நேரம் சோறு தின்னுமோ?"

"தின்னாமல்? சமைச்சுச் சமைச்சே தாய்க்குச் சீவன் போச்சு."

இது எந்தப் புராணத்திலும் இல்லை. ஆனால் அந்த ஒரு பதிலில் தாய் செத்து, அந்தியேட்டிக் கிரியைக்குத் தண்ணீர் தேடி, கதை நேரே கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்விட்டது. கிணறுகளை இராவணன் வாளால் குத்தினான் என்பார் அம்மம்மா. திரிசூலத்தால் என்பார் பக்கத்து வீட்டு மாமி. மகன் இரண்டையும் வைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு வெந்நீரூற்றுக்குப் போனோம். ஏழு கிணற்றிலும் ஒரே சூடு இல்லை. வாளி வாளியாக ஊற்றிப் பார்த்துவிட்டு, ஆகச் சுடுகிறது மூத்த தலை அழுத கண்ணீர் என்றான். கண்ணீரை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் கணக்குப் பார்த்தான்: "ஏழு கிணறுதானே, மிச்ச மூண்டு தலையும் அழேல்லையோ?" அம்மம்மா இன்னும் யோசிக்கிறார்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போதைக்கு மகளுக்கு மடியும் புத்தகமும், மகனுக்கு லைட்டை அணைத்துவிட்டு அம்மம்மா. போன கிழமை அவர் மூதூருக்குப் போயிருந்தார். அவர் குரலிலேயே ஃபோனில் பதிந்து வைத்திருந்த கதையைப் போட்டேன். நடுவில் மகன் எதையோ கேட்டான். ஃபோன் தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனது.

"நிப்பாட்டுங்கோ அம்மா," என்றான். "நீங்க சொல்லுங்கோ."